லூஸ் மேஜை: லிமிட் போக்கர் சொல்லும் கதை

முதல்லயே ஒண்ணு தெளிவு பண்ணிடறேன். இந்தப் பதிவில் 'லூஸ்' என்று வரும் இடமெல்லாம் நம்மூர் 'லூசு' இல்லை. சீட்டாட்ட பாஷையில் லூஸ் ஆட்டக்காரர்னா, கைக்கு என்ன சீட்டு வந்தாலும் கவிழ்த்து வைக்க மனசு வராத ஆசாமி. ரம்மி கோஷ்டியில் ஸ்கூட்டே சொல்லாமல் கடைசி வரைக்கும் உட்கார்ந்து 80 பாயிண்ட் வாங்கிக் கட்டிக்குவாரே ஒருத்தர், அவரேதான். உலகம் பூரா இருக்கார்.

இப்படிப்பட்டவங்களோட ஆடினா ஜெயிக்கிறது ரொம்ப சுலபம்னுதானே தோணும்? 1990-களில் அமெரிக்க சீட்டாட்ட கிளப்புகளில் கொஞ்சம் படிச்சு, கொஞ்சம் கணக்குத் தெரிஞ்சு ஆடினவங்க அப்படி நினைக்கலை. "எல்லாரும் மோசமா ஆடறாங்க, அதனாலதான் என்னால ஜெயிக்க முடியலை"ங்கறதுதான் அவங்க புலம்பல். கேட்க காமெடியா இருக்கும். ஆனா அந்தப் புலம்பலுக்குப் பின்னாடி ஒரு நிஜமான கணக்கு இருந்தது. அது தீர பல வருஷம் ஆச்சு.

ஆட்டம் தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு சீட்டு, ரகசியமா. மேஜை நடுவில் எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு: முதலில் மூணு, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு. ஆக மொத்தம் நாலு சுற்று பணம் கட்டணும். லிமிட் என்றால் எவ்வளவு கட்டலாம்ங்கறது முன்கூட்டியே நிர்ணயம். 3-6 மேஜைன்னா முதல் ரெண்டு சுற்றில் கட்டினாலும் ஏத்தினாலும் 3 டாலர்தான், பின் ரெண்டு சுற்றில் 6 டாலர்தான். ஒரு சுற்றில் வழக்கமா ஒரு கட்டு, மூணு ஏற்றம், அதோட சரி. சினிமாவில் மொத்தக் காசையும் நடுவில் தள்ளிட்டு முறைப்பாங்களே, அது நோ-லிமிட். இங்கே அந்த ஹீரோயிசத்துக்கெல்லாம் இடமே இல்லை.

இந்த ஆட்டத்தின் சொந்த ஊர் டெக்சாஸில் உள்ள ராப்ஸ்டவுன் என்று 2007-ல் அந்த மாநில சட்டமன்றமே தீர்மானம் போட்டு சொல்லிட்டது. 1963-ல் கார்க்கி மெக்கார்க்கடேல் என்பவர் லாஸ் வேகஸுக்குக் கொண்டு வந்து, கலிஃபோர்னியா கிளப்பில் அறிமுகம் பண்ணினார். ஆனா லிமிட் ஹோல்டம் ஒரு சாமானிய ஆட்டமா மாறினது வேகஸில் இல்லை, பக்கத்து மாநிலமான கலிஃபோர்னியாவில். அந்தக் கதை ஒரு சட்டக் கூத்து.

கலிஃபோர்னியாவில் 1885-லேயே சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தாங்க: 'ஸ்டட்-ஹார்ஸ் போக்கர்'. அது என்ன ஆட்டம்னு பிற்காலத்தில் யாருக்குமே சரியா தெரியலை! 1911-ல் மாநில அட்டர்னி ஜெனரல், சீட்டை மறைச்சு வெச்சு ஆடும் டிரா போக்கர் திறமை ஆட்டம், அதனால் தடையில் வராது. சீட்டைத் திறந்து வெச்சு ஆடற ஸ்டட் வகை அதிர்ஷ்டம், அதனால் தடைன்னு ஒரு கருத்து சொன்னார். அந்த ஒரு கருத்தை வெச்சுக்கிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் கார்டீனா என்ற சின்ன ஊர் 1936-லிருந்து சீட்டாட்ட கிளப்புகளாலேயே பிழைச்சது. அங்கே ஆடியவங்களில் பாதிப் பேர் சினிமாவில் வர மாதிரி சிகரெட் ஊதும் கில்லாடிகள் இல்லை. ஓய்வு பெற்றவங்க, ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க, வயசான அம்மாக்கள்.

இவங்களைப் பத்தி ஒரு அருமையான புத்தகம் இருக்கு. டேவிட் ஹயானோ ஒரு மானுடவியலாளர். பப்புவா நியூ கினியில் பழங்குடிகளிடையே ஆய்வு செஞ்சவர், அப்புறம் கார்டீனா கிளப்பில் உட்கார்ந்து சீட்டாடி, அங்கிருந்த தொழில்முறை ஆட்டக்காரர்களை அதே மாதிரி ஆராய்ஞ்சு 1982-ல் 'போக்கர் ஃபேசஸ்' என்று எழுதினார். தான் சேர்ந்த கூட்டத்தையே ஒருத்தர் ஆய்வு செய்றதுக்கு ஆங்கிலத்தில் 'ஆட்டோ-எத்னோகிராஃபி'ன்னு இன்னைக்கு பல்கலைக்கழகங்களில் சொல்றாங்களே, அந்த வார்த்தையைத் தலைப்பாக்கி 1979-ல் கட்டுரை எழுதினவரும் இவர்தான். சீட்டாட்டம் படிப்பைக் கெடுக்கும்னு யார் சொன்னது :-)

ஹோல்டமில் பொதுச் சீட்டு திறந்து கிடக்குதே, அப்ப அது ஸ்டட்-ஹார்ஸா இல்லையா? இந்தக் கேள்வி 1980-களின் கடைசியில் நீதிமன்றம் போச்சு. 1990-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'ஹோல்டம் வேற, ஸ்டட்-ஹார்ஸ் வேற'ன்னு தீர்ப்பு சொன்னது. அவ்வளவுதான். 1983-ல் தொடங்கின காமர்ஸ், 1984-ல் தொடங்கின பைசிக்கிள் கிளப் மாதிரி பிரம்மாண்ட கூடங்களில் ஹோல்டம் மேஜைகள் முளைச்சது. பெரும்பாலும் லிமிட். பல வருஷம் வேற ஆட்டம் ஆடிப் பழகின ஜனம் ஒரு புது ஆட்டத்துக்கு மொத்தமா வந்து உட்கார்ந்தா எப்படி ஆடும்? லூஸாத்தான் ஆடும். பத்து பேர் மேஜையில் ஆறு ஏழு பேர் முதல் மூணு சீட்டைப் பார்க்காம எழுந்துக்கவே மாட்டாங்க.

இப்ப புலம்பலுக்கு வருவோம்.

புத்தகம் படிச்சவரோட கையில் ரெண்டு ஏஸ். இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. எதிரில் ஒரே ஒருத்தர், கையில் ஏதோ ரெண்டு சீட்டு என்றால், நூற்றுக்கு 85 தடவை ஏஸ்தான் ஜெயிக்கும். அதே ஒன்பது பேரும் கவிழ்க்காமல் கடைசி வரை வந்தால்? நூற்றுக்கு சுமார் 31 தடவைதான். அதாவது உலகத்திலேயே சிறந்த கையை வெச்சுக்கிட்டு மூணில் ரெண்டு தடவை தோற்கணும். தோற்கடிச்சவர் 7-ம் 2-ம் வெச்சுக்கிட்டு வந்து ரெண்டு ஜோடி காட்டி சிரிப்பார். வயிறு எரியுமா எரியாதா?

ஆனா காசை எண்ணிப் பாருங்க. ஆளுக்கு ஒரு டாலர்னு வெச்சுக்குவோம், மேற்கொண்டு பந்தயம் ஏதும் இல்லை. ஒருத்தரோட ஆடினா நடுவில் 2 டாலர், என் பங்கு 85 சதம், சராசரியா 1.70 வரும். லாபம் 70 காசு. ஒன்பது பேரோட ஆடினா நடுவில் 10 டாலர், என் பங்கு 31 சதம், சராசரியா 3.10. லாபம் 2.10! தோல்வி பல மடங்கு, லாபம் மூணு மடங்கு. புலம்பினவங்க ஞாபகம் வெச்சுக்கிட்டது தோத்த கைகளை, லாபத்தை இல்லை. நல்லா ஆடறவனுக்கு அடிக்கடி ஜெயிக்கணும்ங்கற ஆசை ஜாஸ்தி. லூஸ் மேஜை அதை மட்டும் தராது.

இதோட முடிஞ்சிருந்தா சுலபம். நிஜத்தில் பந்தயம் நாலு சுற்று போகுது. அங்கேதான் லிமிட்டின் விசித்திரம். ஆறு பேர் முதல் சுற்றில் ஆளுக்கு ரெண்டு கட்டு கட்டியாச்சு, நடுவில் 36 டாலர். மூணு சீட்டு விழுந்ததும் நான் 3 டாலர் கட்டறேன், 39 ஆச்சு. பக்கத்தில் இருப்பவருக்கு வரிசை சேர நடுவில் ஒரே ஒரு எண் குறையுது. மீதி 47 சீட்டில் நாலு சீட்டுதான் அவருக்கு உதவும். 43-க்கு 4, அதாவது 10.75-க்கு 1. அவர் 3 டாலர் கட்டினா 39 டாலருக்குப் போட்டி போடறார், 13-க்கு 1. அவர் கணக்குப் போட்டு வரலை, ஆசையில் வர்றார். ஆனா கணக்கும் அவர் பக்கம்! நோ-லிமிட்டா இருந்தா நான் 40 டாலரைத் தள்ளி 'இப்ப வா பார்க்கலாம்'ங்கலாம். லிமிட்டில் என் கையைக் கட்டிப் போட்டாச்சு. கட்டணம் 3 டாலர், டிக்கெட் எல்லாருக்கும் ஒரே விலை.

இதைத்தான் 1990-களில் 'மீன் கூட்டம்' தத்துவம் என்று சொல்லிக்கிட்டாங்க. ஒரு மீன் தனியா மாட்டினா காலி. கூட்டமா நீந்தினா ஒண்ணை ஒண்ணு காப்பாத்தும். ஒவ்வொருத்தரும் தனித்தனியா தப்பு பண்றாங்க, ஆனா அத்தனை பேரும் சேர்ந்து பண்ணும்போது குவியல் பெருசாகி அந்தத் தப்பு அவ்வளவா தப்பில்லாமல் போயிடுது.

இங்கே ஒரு பழைய வேதத்துக்கு அடி விழுந்தது. டேவிட் ஸ்க்ளான்ஸ்கி ஒரு காலத்தில் ஆக்சுவரியா வேலை பார்த்தவர், 1976-லேயே ஹோல்டம் பத்தி புத்தகம் போட்டவர். 'தியரி ஆஃப் போக்கர்' புத்தகத்தில் அவர் சொன்ன அடிப்படைத் தேற்றத்தின் சாரம் இது: உன் சீட்டைப் பார்க்க முடிஞ்சா எதிராளி எப்படி ஆடியிருப்பானோ, அதிலிருந்து மாறி ஆடும் ஒவ்வொரு தடவையும் உனக்கு லாபம். ரெண்டு பேர் ஆடும்போது இது சரி. ஆண்டி மார்ட்டன் என்பவர் 1990-களில் யூஸ்நெட் போக்கர் குழுவில், மூணு பேர் ஆனாலே இது உடையலாம்னு கணக்கோட எழுதினார். என்னிடம் நல்ல ஜோடி, ஒருத்தர் ஒரே ஜாதிச் சீட்டு அஞ்சு சேர்க்கத் துரத்தறார், மூணாவது ஆசாமி சின்ன ஜோடியோட ஒட்டிக்கிட்டிருக்கார். குவியல் ஒரு குறிப்பிட்ட அளவில் இருக்கும்போது அந்த மூணாவது ஆள் இருப்பது அவருக்கும் நஷ்டம், எனக்கும் நஷ்டம்! லாபம் போறது துரத்தறவருக்கு. அதாவது சில நேரம் எதிராளி சரியா ஆடி ஒதுங்கிக்கிட்டாதான் எனக்கு நல்லது. சம்பளம் வாங்காமல், புகழ் எதிர்பார்க்காமல் எழுதின அந்த விஷயம் இன்னைக்கு 'மார்ட்டன் தேற்றம்' என்ற பேரில் நிக்குது. (எழுதிப் போடற ஜாதியான நமக்கு இதில் ஒரு சந்தோஷம் உண்டு.)

அப்ப தீர்வு? மூணு புத்தகத்தைக் குறிப்பிட்டா போதும். 1994-ல் லீ ஜோன்ஸ் எழுதின 'வின்னிங் லோ-லிமிட் ஹோல்டம்' சாதாரண ஆட்டக்காரனுக்குப் பாடம் எடுத்தது: பொறுமையா இரு, நல்ல கை வந்தா மட்டும் ஆடு, ஏமாத்தப் பார்க்காதே. 1999-ல் ஸ்க்ளான்ஸ்கியும் மேசன் மால்மத்தும் தங்கள் 1988 புத்தகத்தைத் திருத்தி, லூஸ் மேஜைக்குன்னே தனிப் பகுதி சேர்த்தாங்க. 2004-ல் எட் மில்லர் அவங்களோட சேர்ந்து 'ஸ்மால் ஸ்டேக்ஸ் ஹோல்டம்' எழுதினார். எம்.ஐ.டி.யில் படிச்சு, மைக்ரோசாஃப்டில் வேலையை விட்டுட்டு வந்தவர். என் கணக்கில் இந்த மூணாவதுதான் உண்மையில் புலம்பலை நிறுத்தினது.

அவர் சொன்னதைச் சுருக்கமா சொன்னா இப்படி. லூஸ் மேஜையில் கையின் மதிப்பே மாறிடும். ராஜா-ஜாக்கி வேற வேற ஜாதியில் இருந்தா பார்க்க கம்பீரம், கூட்டத்தில் எடுபடாது. ஏஸோட அதே ஜாதியில் ஒரு சின்ன சீட்டு, அல்லது 5-5 மாதிரி சின்ன ஜோடி, சும்மா கிடந்தது இங்கே தங்கம்; ஏன்னா அடிச்சா பெருசா அடிக்கும், அடிக்கலைன்னா உடனே தெரிஞ்சிடும், சத்தமில்லாம ஒதுங்கிடலாம். ஏமாத்து வேலை சுத்தமா வீண். கவிழ்க்கவே தெரியாதவரை எப்படி மிரட்டி எழுப்புவது? எல்லாத்தையும் விட முக்கியம், குவியல் பெருசா இருக்கும்போது 6 டாலரை மிச்சம் பிடிக்கப் பார்த்து 80 டாலரை விட்டுடாதே. முன் வரிசை ஆள் கட்டினா நீ ஏத்து. பின்னாடி இருக்கிறவங்களுக்கு 3 டாலர் டிக்கெட் 6 ஆகும், துரத்தற கணக்கு அப்பத்தான் கெடும். பொறுமைசாலிகளிடம் 'இன்னும் தைரியமா காசு போடு'ன்னு சொன்ன புத்தகம் அது. அதுவரை வந்த அறிவுரைக்கு ஏறக்குறைய நேரெதிர்.

சரி, இதெல்லாம் படிச்சு என்ன கிடைச்சது? நேரில் ஆடும் மேஜையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பெரிய கட்டு லாபம் வந்தா நல்ல ஆட்டக்காரர்ங்கறது அந்தக் கால அளவுகோல். 3-6 மேஜையில் அது 6 டாலர். 1997 முதல் 2007 வரை அமெரிக்க மத்திய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 5.15 டாலர்! அதுக்கும் கையில் 300 பெரிய கட்டு, அதாவது 1,800 டாலர் தனியா ஒதுக்கி வெச்சிருக்கணும்னு சொல்வாங்க, ஏன்னா மாசக்கணக்கில் சீட்டு மக்கர் பண்ணும். ஒவ்வொரு கையிலும் கிளப் தன் பங்குன்னு சில டாலர் உருவிக்கும், அதுக்குப் பேர் ரேக். என் அபிப்பிராயம், லிமிட்டை கிளப்புகள் விரும்பினதுக்குக் காரணமே இதுதான். லூஸ் ஆள் ஒரே ராத்திரியில் காலியாக மாட்டார். கொஞ்சம் கொஞ்சமா தோற்பார், நடுநடுவே ஏஸ் ஜோடியை அடிச்சு சந்தோஷப்படுவார், அடுத்த வாரமும் வருவார். ரேக் ஓடிக்கிட்டே இருக்கும். நல்ல ஆட்டக்காரனுக்கும் சோறு. அந்த 3 டாலர் வரம்பு பலவீனமானவருக்கு ஒரு குடை மாதிரி. அதனடியில் எல்லாரும் பிழைச்சாங்க.

1998 ஜனவரி 1-ல் பிளானட் போக்கர் தளத்தில் நிஜப் பணத்துக்கு முதல் இணையச் சீட்டு போடப்பட்டது. ஆட்டம் என்ன தெரியுமா? அதே 3-6 லிமிட் ஹோல்டம். 2001-ல் பார்ட்டி போக்கர் வந்தது. அதன் மென்பொருளை உருவாக்கினவர் டெல்லி ஐ.ஐ.டி.யில் படிச்ச அனுராக் தீட்சித், கம்பெனியின் பெரிய அலுவலகம் ஒண்ணு ஹைதராபாத்தில். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னசி கணக்கர் (பேரைப் பாருங்க, நான் வெச்சதில்லை) இணையத்தில் சில்லறைக் காசில் நுழைவு ஜெயிச்சு, 839 பேர் ஆடின உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் தட்டினார். டிவியில் பார்த்த ஜனம் அலை அலையா வந்தது. லிமிட் மேஜைகளில் அது ஒரு பொற்காலம். கிளப்பில் மணிக்கு முப்பது நாற்பது கைதான் போடுவாங்க. இணையத்தில் ஒரே ஆள் நாலு மேஜை திறந்து, எதிராளி நூறு கைக்கு எத்தனை கை ஆடறார்னு மென்பொருளில் எண்ணிக்கிட்டே ஆடலாம். நூற்றுக்கு அறுபது எழுபது ஆடறவர் பேரைப் பார்த்தா பக்கத்து நாற்காலிக்கு ஓடுவாங்க. கார்டீனாவில் எதிரில் இருந்தது ஒரு அம்மா, அவங்க பேரன் பேர் கூட தெரியும். இங்கே ஒரு சதவீதம்.

ஆனா டிவி காட்டினது நோ-லிமிட். புதுசா வந்தவங்க அதுக்கே போனாங்க. அங்கே குடை கிடையாது. மாசக்கணக்கில் தோற்க வேண்டியதை ஒரு ராத்திரியில் தோத்தாங்க. 2006 அக்டோபர் 13-ல் அமெரிக்காவில் இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம் கையெழுத்தாக, பார்ட்டி போக்கர் அந்த நாட்டை விட்டே வெளியேறியது. 2008-ல் தீட்சித் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் கட்ட சம்மதிச்சார். 2011 ஏப்ரல் 15-ல் மிச்சமிருந்த பெரிய தளங்கள் மேலும் வழக்கு பாய்ஞ்சது. லிமிட் மேஜைகளில் கடைசியில் உட்கார்ந்திருந்தவங்க எல்லாரும் எட் மில்லரைப் படிச்சவங்க. ஒருத்தர் காசை ஒருத்தர் எடுக்க முடியாது, நடுவில் ரேக் மட்டும் கரையும்.

2015 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் ஒரு செய்தி. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பௌலிங் குழு, ரெண்டு பேர் ஆடும் லிமிட் ஹோல்டத்துக்கு நடைமுறையில் முழுத் தீர்வு கண்டுட்டது. 4,800 பிராசசர்கள், 68 நாள் ஓட்டம். நிரலின் பேர் செஃபியஸ். ஒரு வாழ்நாள் பூரா உட்கார்ந்து ஆடினாலும் அதை ஜெயிச்சோம்னு நிச்சயமா நிரூபிக்க முடியாத அளவு பிழை குறைவு. இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. செஃபியஸ் தோற்காம இருக்கத்தான் ஆடுது. எதிராளி லூஸா, இறுக்கமா, தூக்கக் கலக்கத்தில் இருக்காரா, அதுக்குக் கவலையே இல்லை. லூஸ் ஆளிடமிருந்து கறக்க முடிஞ்ச அதிகபட்சத்தைக் கறக்க அது முயல்வதில்லை. பத்து பேர் உட்கார்ந்த லூஸ் மேஜைக்கு அந்த மாதிரி முழுத் தீர்வும் கிடையாது.

1911-ல் அட்டர்னி ஜெனரல் கேட்ட 'திறமையா, அதிர்ஷ்டமா?' கேள்வி இன்னும் ஓயலை. 2012-ல் நியூயார்க் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன், பெரும் எண்ணிக்கையிலான இணையக் கைகளை அலசின நிபுணர் சாட்சியத்தை ஏற்று போக்கர் திறமை ஆட்டம் என்றார். 2013-ல் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாத்திடுச்சு. நம்மூரில் 2022-ல் நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு தமிழக அரசு கொண்டு வந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வெச்சது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனா இவை ரெண்டும் திறமை ஆட்டம், பட்டியலில் வராதுன்னு சொன்னது. 2025 ஆகஸ்டில் நிறைவேறின மத்திய சட்டம் திறமை, அதிர்ஷ்டம்னு பிரிக்காமலே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செஞ்சது.

திறமை ஆட்டம்னு வாதாடறவங்க அதை ஒரு நற்சான்றிதழ் மாதிரி நீட்டறாங்க. மேலே சொன்ன கணக்கை வெச்சுப் பார்த்தா எனக்கு அப்படித் தோணலை. முழு அதிர்ஷ்டம்னா தோற்கிறவரும் ஜெயிக்கிறவரும் மாறி மாறி வருவாங்க, நஷ்டம் ரேக் மட்டும். திறமை இருக்குன்னா தோற்கிறவர் தொடர்ந்து அதே ஆள்தான். மணிக்கு 6 டாலர் ஒருத்தர் ஜெயிக்கணும்னா அந்த 6 டாலரும், அதுக்கு மேல ரேக்கும், எதிரில் இருக்கும் லூஸ் ஆள்கள் பாக்கெட்டிலிருந்துதான் வரணும். 3 டாலர் வரம்பு இருந்தவரை அது ஒரு பொழுதுபோக்குச் செலவு. கைப்பேசியில், ராத்திரி ரெண்டு மணிக்கு, கடன் வாங்கின காசில் ஆடறவருக்கு?

கார்டீனாவின் பழைய கிளப்புகள் போயாச்சு. எல் டொராடோ கிளப் இருந்த இடத்தில் 2000-லிருந்து வேறொரு கேசினோ நிக்குது. கலிஃபோர்னியாவின் சில கூடங்களில் இப்பவும் சின்ன லிமிட் மேஜைகள் உண்டு. அங்கே உட்கார்ந்திருக்கிறவங்களில் நிறைய பேர் வயசானவங்க. ஏஸ் ஜோடி வந்தாலும் மூணில் ரெண்டு தடவை தோற்கணும், அதே கணக்குதான்.